பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள்



லிங்கநகர், பாலையூற்று, அன்புவழிபுரம், ஜின்னாநகர், மனையாவெளி என்று திருகோணமலையில் துறைமுகத்தைச் சுற்றி வாழும் எல்லா உறவுகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகிவிட்டது. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. உள்ளூராட்சி சபையில் வீடமைப்புக்கும் சமூக அபிவிருத்திக்கும் என்றே ஒரு குழு உண்டு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், எப்போது கூடுகிறார்கள், கடைசியாக எதை ஆராய்ந்தார்கள் என்று சொல்லக்கூடியவர் நம் தெருவில் யாராவது இருக்கிறார்களா?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் நான்கு குழுக்கள் இயங்குகின்றன. நிதியும் கொள்கை வகுத்தலும் ஒன்று. வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும் இன்னொன்று. தொழில்நுட்பச் சேவைகள் மூன்றாவது. சுற்றாடலும் வசதிகளும் நான்காவது. இந்தக் குழுக்களில் சபை உறுப்பினர்களோடு ஊரவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதாவது ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியையோ, சனசமூக நிலையத் தலைவரோ, கட்டட வேலை தெரிந்த ஒரு மேசன் பாஸோ வீடமைப்புக் குழுவில் உட்கார்ந்து பேச வழி இருக்கிறது.

எங்கள் பகுதியில் நகரம் மாநகர சபைக்குள் வருகிறது. சுற்றியுள்ள ஊர்கள் பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள் வருகின்றன. மாநகர சபைக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேறாக இருக்கிறது. அதிலும் நிலையியற் குழுக்கள் உண்டு. ஆகவே எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் நாம் இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். வீடு, காணி, வடிகான், பொதுமண்டபம், விளையாட்டு மைதானம், வாசிகசாலை பற்றி சபை எடுக்கும் முடிவுகளை அந்தச் சபையே பிறகு திரும்பிப் பார்க்கிறதா?

இதைக் கேட்டால் வழக்கமாக வரும் பதில் நமக்கு மனப்பாடம். "வீடு கொடுப்பது எங்கள் வேலை இல்லை. அது வீடமைப்பு அதிகாரசபையின் வேலை. காணி பிரதேச செயலாளரின் வேலை. நீங்கள் அங்கே போய்க் கேளுங்கள்."

பாதி உண்மை. வீட்டுக் கடனும் மானியமும் 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய வீடமைப்பு அதிகாரசபை ஊடாகத்தான் வருகின்றன. பயனாளிப் பெயர்கள் கிராம உத்தியோகத்தரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போகின்றன. ஆனால் மற்றப் பாதியைப் பாருங்கள். சபை எல்லைக்குள் வீடு கட்டவோ கூட்டிக் கட்டவோ சபையின் அனுமதி வேண்டும். 1915ஆம் ஆண்டிலிருந்தே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் அதைச் சொல்கிறது. கட்டி முடித்த பிறகு இணக்கச் சான்றிதழ் கொடுப்பதும் சபைதான். வீட்டுக்கு முன்னால் போகும் கான், உள்வீதி, தெருவிளக்கு, குப்பை எல்லாம் சபைதான். சோலைவரி வாங்குவதும் சபைதான். ஒரு வீட்டைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு, வீடு எங்கள் விடயம் இல்லை என்று ஒரு சபை சொல்ல முடியாது.

ஆசிரியர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும்.

வீட்டுப் பிரச்சினை முதலில் வந்து நிற்கிற இடங்களில் ஒன்று பாடசாலை. தரம் 1 அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். பாடசாலைக்குக் கிட்ட வசிப்பவர் என்று விண்ணப்பிக்கும் பெற்றோர் வதிவிடத்தை ஆவணத்தால் காட்ட வேண்டும். வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, குத்தகை ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. பாடசாலை மதிலுக்குப் பக்கத்திலேயே பதினைந்து வருடமாக இருக்கும் குடும்பம் உறுதி இல்லாத காரணத்தால் புள்ளியில் பின்னுக்குப் போகிறது. உறுதி உள்ளவர் முன்னுக்குப் போகிறார். நேர்முகப் பரீட்சை மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது லேசான காரியம் இல்லை. ஏழு தரம் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்த கதையை அவர் சொல்லும்போது பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

இது தனிப்பட்ட குடும்பங்களின் கவலையீனத்தால் வந்த பிரச்சினையும் இல்லை. 1984இல் வர்த்தமானி மூலம் துறைமுகத்தைச் சுற்றியுள்ள பெருமளவு காணி துறைமுக அதிகாரசபையின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதற்கு முன்பிருந்தே பல குடும்பங்கள் வாழ்ந்த, பயிர் செய்த காணிகளும் அதற்குள் வந்தன. முத்துநகர்ப் பக்கத்து மக்களிடம் கேட்டால் நாற்பது வருடக் கதை சொல்வார்கள். அதன் மேல் யுத்தம், இடம்பெயர்வு, சுனாமி. காகிதம் இல்லாத வீடுகள் இங்கே நிறைய இருப்பதற்கு இதுதான் பின்னணி. இந்த முடிச்சைச் சபை தனியாக அவிழ்க்க முடியாது. ஆனால் தன் எல்லைக்குள் எத்தனை வீடுகள் இப்படி நிற்கின்றன, எத்தனை கட்டட விண்ணப்பங்கள் உறுதி இல்லை என்ற காரணத்தால் மட்டும் திருப்பி அனுப்பப்பட்டன என்று எண்ணி, பிரதேச செயலகத்தின் முன்னால் வைக்கச் சபையால் முடியும். வீடமைப்புக் குழு செய்ய வேண்டிய முதல் ஆராய்ச்சியே அதுதான்.

அடுத்தது மழை. மாரி தொடங்கினால் எங்கள் பாடசாலைகள் முகாமாகின்றன. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை தொட்டபோது மாவட்டம் முழுவதும் பயத்தோடு விழித்திருந்தது. புயல் எப்போதாவது வருவது. வெள்ளம் அப்படி இல்லை, வருடா வருடம் வருவது. ஒவ்வொரு வருடமும் அதே ஒழுங்கைகளில், அதே வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது. கான் வெட்டிய இடத்தில் கூடத் தண்ணீர் வருகிறது, ஏனென்றால் கான் போய்ச் சேரும் இடத்தில் யாரோ மதில் கட்டியிருக்கிறார்கள். அந்த மதிலுக்கு அனுமதி கொடுத்தது யார்? கொடுக்கவில்லை என்றால் ஏன் விட்டு வைத்தார்கள்? கான் வெட்டச் செலவழித்த காசால் பயன் கிடைத்ததா என்று அடுத்த மாரிக்குப் பிறகு யாராவது போய்ப் பார்த்தார்களா? நாங்கள் ஆராய்வு என்று சொல்வது இதைத்தான். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. முடிவெடுத்து, காசு செலவழித்து, நாடா வெட்டி, படம் எடுத்த பிறகு, அது வேலை செய்ததா என்று ஒரு தரம் போய்ப் பார்ப்பது.

இனி இந்தப் பதிவின் முக்கியமான விடயத்துக்கு வருகிறோம். பயனாளிப் பட்டியல்.

எங்கள் ஊரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறோம். ஒரு வீட்டுத் திட்டம் வந்தால் தேநீர்க் கடையில் என்ன பேச்சு நடக்கிறது என்று நமக்குத் தெரியும். முஸ்லிம் கடையில், "எல்லாம் தமிழ் ஆக்களுக்குப் போய்ட்டு" என்பார்கள். தமிழ்க் கடையில், "சோனக ஆக்கள் அமைச்சரைப் பிடிச்சு எடுத்திட்டினம்" என்பார்கள். சிங்களக் கடையிலும் இதே கதை சிங்களத்தில் ஓடும். மூன்று கடையிலும் பேசுபவர்கள் ஒரே மழையில் நனைந்தவர்கள். மூன்று கடையிலும் ஒருவர் கூடப் பட்டியலைக் கண்ணால் கண்டதில்லை.

பட்டியல் ஒளித்து வைக்கப்பட்டால் வதந்திதான் பட்டியலாகிறது. யார் யாருக்கு, என்ன அளவுகோலில், எந்த வரிசையில் கொடுத்தார்கள் என்று தெரியாதபோது, மனிதர் கையில் கிடைக்கும் விளக்கம் இனம்தான். யுத்தம் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் எங்கள் பிள்ளைகள் வகுப்பறையில் இந்தக் கதைகளைத் திருப்பிச் சொல்வதைக் கேட்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு வீடமைப்புக் கொள்கை தெரியாது. தன் வீட்டில் கேட்டதைத்தான் சொல்கிறது. பக்கத்து மேசைப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சமூக அபிவிருத்தி என்ற சொல் குழுவின் பெயரில் சும்மா வரவில்லை. வீட்டைப் பங்கிடும் விதம் சமூகத்தைச் சேர்க்கும் அல்லது உடைக்கும்.

திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாகாணத்திலேயே உதாரணம் உண்டு. யுத்தத்துக்குப் பிறகு வந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மொத்தம் 50,000 வீடுகள். பெரும்பகுதி வடக்குக்கும் கிழக்குக்கும். வீட்டுக்குரியவரே கட்டுகிற முறை. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், தவணை தவணையாக. பயனாளிகளைப் புள்ளி முறையில் தெரிவு செய்தார்கள். அதில் குறை இல்லாமல் இல்லை. பிள்ளைகள் குறைந்த, தனித்து வாழும் பெண்கள் புள்ளியில் பின்தள்ளப்படுகிறார்கள் என்று விமர்சனம் எழுந்தது. நியாயமான விமர்சனம்தான். ஆனால் கவனியுங்கள், அந்தச் சண்டை அளவுகோலோடு நடந்தது. "இந்தப் புள்ளி சரியில்லை, தனித்த பெண்ணுக்கும் முன்னுரிமை கொடு" என்று கேட்க முடிந்தது. அளவுகோல் தெரியாத இடத்தில் அந்தச் சண்டை அயல் வீட்டோடு நடக்கும்.

திரும்பிப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு.

2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வீடு கட்டக் கூடாது என்று எல்லை போட்டார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஒரே கடல், ஒரே நாடு. எங்களுக்கு மட்டும் இரட்டிப்புத் தூரம். முடிவு கொழும்பில் எடுக்கப்பட்டது. கடலில் இருந்து உள்ளே கொண்டுபோய் விட்டால் தோணியையும் வலையையும் யார் பார்ப்பது என்று மீனவர்கள் கேட்ட கேள்வி மேலே போய்ச் சேர மாதங்கள் எடுத்தன. அடுத்த வருடமே அந்த எல்லைகளைத் தளர்த்த வேண்டி வந்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் கூடாரத்தில் காலம் கழித்துவிட்டன.

இன்னொன்று கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது. 2015க்கும் 2019க்கும் இடையில் நாடு முழுவதும் மாதிரிக் கிராமங்கள் தொடங்கப்பட்டன. முதல் தவணைக் காசு வந்தது. மக்கள் நம்பிப் பழைய தகரக் கொட்டிலைக் கழற்றி அத்திவாரம் போட்டார்கள். நகையை அடகு வைத்துச் சுவர் எழுப்பினார்கள். 2019 நவம்பரில் ஆட்சி மாறியது. பல இடங்களில் மிச்சத் தவணை நின்றது. கூரை இல்லாத சுவர்களை இன்றைக்கும் கிழக்கு மாகாணம் முழுக்கப் பார்க்கலாம். சுவருக்குள் மரம் முளைத்திருக்கிறது. அந்தக் குடும்பங்களில் யார் வாடகைக்குப் போனார்கள், யார் கடனில் மூழ்கினார்கள், எத்தனை பேர் தகரத்துக்குத் திரும்பினார்கள் என்று தெரிந்த உள்ளூர்ச் சபை எது? அது எங்கள் திட்டம் இல்லை என்று ஒரு சபை சொல்லலாம். ஆனால் அவர்கள் உங்கள் மக்கள்.

சபையே இல்லாத காலத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தெரிவான சபைகளின் காலம், ஒரு வருட நீடிப்போடு, 2023 மார்ச் 19ஆம் திகதி முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டியிருந்த தேர்தல் காசு இல்லை என்று தள்ளிப்போனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி தீர்ப்பளித்தது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களித்தோம். இடையில் இரண்டு வருடத்துக்கும் மேலாக ஆணையாளர்களும் செயலாளர்களும் சபைகளை நடத்தினார்கள். அவர்களில் நல்ல அதிகாரிகள் பலர் இருந்தார்கள். ஆனால் அனுமதி கொடுப்பவரும், செலவழிப்பவரும், அதைச் சரிபார்ப்பவரும் ஒரே அலுவலகம் என்ற நிலை அந்தக் காலத்தில் இருந்தது.

மேலே பார்த்தால் மாகாண சபை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. உள்ளூராட்சியை மேற்பார்வை செய்ய வேண்டிய சபையே கலைந்து கிடக்கிறது. கணக்காய்வாளர் தலைமை அதிபதி சபைகளின் கணக்கைப் பார்க்கிறார், உண்மை. பாராளுமன்றத்தின் கோப் குழு விசாரணையைத் தொலைக்காட்சியில் பார்த்து நாமும் கை தட்டுகிறோம். ஆனால் கணக்குச் சரியாக இருந்தும் வேலை பிழைக்கலாம். வவுச்சர், பற்றுச்சீட்டு எல்லாம் ஒழுங்காக உள்ள ஒரு கான், தண்ணீரை வீட்டுக்குள் கொண்டுவரலாம். அதைக் கண்டுபிடிக்கக் கொழும்பில் இருந்து ஆள் வரத் தேவையில்லை. அந்த ஒழுங்கையில் இருப்பவருக்குத் தெரியும்.

உலகத்தில் பணக்கார ஊர்களிலும் இது பிழைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் ஒரு நல்ல ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சபையில் முடிவெடுக்கும் நிறைவேற்று உறுப்பினர்கள், அந்த முடிவுகளை ஆராயும் குழுவில் உட்கார முடியாது. தன் விடைத்தாளைத் தானே திருத்தக் கூடாது என்ற எங்கள் பாடசாலை விதிதான் அது. லண்டனில் கென்சிங்டன் சபைக்கும் வீடமைப்பை ஆராயும் குழு இருந்தது. அந்தச் சபைக்குச் சொந்தமான கிரென்ஃபெல் மாடிக் குடியிருப்பின் மக்கள் தீப் பாதுகாப்புச் சரியில்லை என்று பல தடவை எழுதினார்கள். 2016 நவம்பரிலும் பகிரங்கமாக எழுதினார்கள். 2017 ஜூன் 14ஆம் திகதி அதிகாலையில் அந்தக் கட்டடம் எரிந்து 72 பேர் இறந்தார்கள். ரமழான் மாதம். ஸஹருக்கு விழித்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் அயலவரின் கதவைத் தட்டி எழுப்பியதால் தப்பியவர்களும் உண்டு. அந்த மரணங்கள் எல்லாமே தவிர்த்திருக்கக் கூடியவை என்று 2024இல் வெளிவந்த விசாரணை அறிக்கை சொன்னது.

அதே வருடம், அதற்கு இரண்டு மாதம் முன்பு, எங்கள் நாட்டில் மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். கொழும்பின் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மக்களும் வருடக்கணக்காகப் போராடியவர்கள்தான். குப்பை நகரத்தினுடையது, வீடு ஏழையினுடையது.

இரண்டு ஊர்களிலும் ஆபத்து தெரிந்தே இருந்தது. அங்கு வாழ்ந்தவர்கள் சொன்னார்கள். சொன்னதற்கு எழுத்தில் பதில் சொல்லும் கடமை யாருக்கும் இருக்கவில்லை. லண்டனில் குழு இருந்தும் அது நடந்தது. ஆகவே குழு அமைத்துவிட்டோம் என்று சபை சொல்வதோடு நாம் திருப்திப்பட முடியாது. குழுவுக்கு என்ன கேள்வி போனது, எத்தனை நாளில் பதில் வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நமக்கு இது புதிய பழக்கமும் இல்லை. பள்ளிவாசலில் கணக்கைப் பலகையில் ஒட்டுகிறார்கள். கோவில் திருவிழா முடிந்தால் வரவு செலவு வாசிக்கிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முதல் வேலையே போன கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பது. "போன தரம் மலசலகூடக் கதவு போடுவதாகச் சொன்னீர்களே, போட்டாச்சா?" என்று ஒரு உம்மா எழும்பிக் கேட்டால் அதிபர் பதில் சொல்லியே ஆக வேண்டும். சில இலட்சம் ரூபாய்க்குள் ஓடும் சங்கத்தில் இவ்வளவு ஒழுங்கு கேட்கிறோம். கோடிக்கணக்கில் செலவழிக்கும் சபையிடம் அதில் பாதியாவது கேட்க வேண்டாமா? பொதுச்சொத்து அமானிதம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வெளியே வருகிறோம். அமானிதத்துக்குக் கணக்குக் கேட்பது குறை பிடிப்பது ஆகாது.

கடல் தாண்டித் தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே கிராம சபை என்று ஒன்று. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி பிறந்த நாள் என்று நாள் குறித்து ஊர் கூடுகிறது. வாக்காளர் எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. பயனாளிப் பெயர், வரவு செலவு எல்லாம் அங்கே வைக்கப்பட வேண்டும். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடப்பதில்லை என்று அங்குள்ளவர்களே குறை சொல்கிறார்கள். ஆனால் "எங்கள் கிராம சபை ஒழுங்காக நடக்கவில்லை" என்று முறையிடவாவது அவர்களுக்கு ஒரு நாளும் ஒரு சட்டமும் இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களையும் பார்த்துவிடுவோம்.

ஒன்று, பட்டியலை வெளியிட்டால் ஏழைக் குடும்பங்களின் மானம் போகும் என்பது. கவனிக்க வேண்டிய கவலைதான். யாருடைய அடையாள அட்டை இலக்கமும், நோயும், குடும்பப் பிரச்சினையும் சுவரில் வரத் தேவையில்லை. பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, எடுத்த புள்ளி, ஆட்சேபனைக்குக் கடைசித் திகதி போதும். சமுர்த்திப் பட்டியலும் அஸ்வெசும பட்டியலும் வெளியே வந்து ஆட்சேபனை கேட்ட நாடு இது. வீட்டுக்கு மட்டும் ஏன் கூச்சம்?

இரண்டு, கேள்வி கேட்கத் தொடங்கினால் கட்சிச் சண்டை வரும், வேலை நடக்காது என்பது. இப்போதும் சண்டைதான் நடக்கிறது. சபை அமர்வில் கத்துவது செய்தியாகிறது. ஒரு கானைப் பற்றிப் படத்தோடும் அளவோடும் கேட்டால் அதில் கட்சி குறைவு. 2018இல் இருந்து சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. தண்ணீர், குப்பை, பாதை, பிள்ளை பற்றி நாள் முழுக்க அனுபவிப்பவர்கள் அவர்கள். வீடமைப்புக் குழுவுக்குத் தலைமை கொடுத்துப் பாருங்கள்.

மூன்று, சபையில் ஆள் இல்லை, காசு இல்லை என்பது. தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் போதாது என்பது எங்களுக்கும் தெரியும். பட்டியலைச் சுவரில் ஒட்ட ஒரு பிரதியும் கொஞ்சம் பசையும் போதும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. மாநகர சபைக்கும் பிரதேச சபைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

1. வீடமைப்பு, சமூக அபிவிருத்தி விடயங்களைப் பார்க்கும் குழுவின் உறுப்பினர் பெயர், கூடும் திகதி, நிகழ்ச்சி நிரல், கூட்டறிக்கை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் சபை அறிவித்தல் பலகையிலும் வாசிகசாலைகளிலும் வையுங்கள்.

2. சபை எல்லைக்குள் வரும் எந்த வீட்டுத் திட்டமானாலும், யார் கொடுத்தாலும், பயனாளிப் பட்டியலையும் அளவுகோலையும் பிரதேச செயலகத்திடம் கேட்டு வாங்கி ஒட்டுங்கள். கிடைக்கவில்லை என்றால், கேட்டோம், கிடைக்கவில்லை என்று ஒட்டுங்கள்.

3. ஒவ்வொரு மாரிக்கும் பிறகு, முன்னைய வருடம் செய்த கான், வீதி வேலைகளைக் குழு நேரில் போய்ப் பார்த்து அறிக்கை வைக்கட்டும். போகும்போது அந்த ஒழுங்கையில் இருப்பவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

4. கட்டட அனுமதிக்கு வந்த விண்ணப்பம் எத்தனை, கொடுத்தது எத்தனை, மறுத்தது எத்தனை, என்ன காரணம் என்று மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வெளியிடுங்கள். காணி ஆவணம் இல்லாத காரணத்தால் நின்றவற்றைத் தனியாகக் காட்டுங்கள்.

5. சட்டம் இடம் தரும் இடத்தில் ஊரவரைக் குழுவில் சேருங்கள். மூன்று சமூகத்தில் இருந்தும் சேருங்கள்.

சபை செய்யும் வரை கை கட்டிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளுக்கும் பொருந்தும். தகவல் அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழிலேயே கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் சரிவரவில்லை என்றால் கொழும்பில் ஆணைக்குழு. அதே சட்டத்தின்படி, உள்நாட்டுக் காசில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் என்றால் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பாதிக்கப்படக் கூடிய மக்களுக்கு விபரம் தெரிவிக்க வேண்டும். அது அமைச்சரின் பொறுப்பு. இந்த ஏற்பாட்டைத் தெரிந்தவர்கள் நம்மில் குறைவு. தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு விண்ணப்பம் எழுதுவியுங்கள். பாடப் புத்தகத்தில் படித்த உள்ளூராட்சி அப்போதுதான் அவர்களுக்கு விளங்கும்.

வருட முடிவுக்குள் அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் சபையில் நிறைவேற வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு சனசமூக நிலையமும், கிராம அபிவிருத்திச் சங்கமும், மாதர் சங்கமும் ஒரே ஒரு பக்கம் எழுதட்டும். எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறது, எந்த வீடு கூரையில்லாமல் நிற்கிறது, எந்தக் குடும்பம் எத்தனை வருடமாகக் காகிதத்துக்கு அலைகிறது. பள்ளிவாசல் சங்கமும் கோவில் சபையும் தேவாலயமும் விகாரையும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்தக் கடிதத்தை எந்தக் கட்சியும் தன் கணக்கில் எழுத முடியாது. அதைக் கையேற்கும் அலுவலரிடம் திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதம் எழுத உதவி தேவையானவர்கள் எங்களிடம் வரலாம். பாடசாலை விட்ட பிறகு எழுதித் தருகிறோம், காசு வேண்டாம். சிங்களத்தில் தேவை என்றால் எங்களோடு படிப்பிக்கும் சிங்கள ஆசிரியை இருக்கிறார், அவர் எழுதித் தருவார்.

மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வாரமே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.